இடைக்கால ஐரோப்பியக் கோட்டைக்குள் அருங்காட்சியகம்: கட்டடம் முதலா, பேழை முதலா?

#1 மதில்நோக்கி

இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையில் நடுக்கோபுரத்தின் நான்கு மூலைகளில் மூன்று சதுரம், ஒன்று மட்டும் வட்டம். 1215 முற்றுகையில் ஜான் மன்னரின் ஆட்கள் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக் கொடுத்து, பிறகு அந்த முட்டுகளைக் கொளுத்தி மூலையையே சரித்தார்கள். தீயை மூட்டுவதற்காக, உணவுக்கு அவ்வளவாக ஆகாத கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்பச் சொல்லி மன்னர் விடுத்த ஆணை அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. இடிந்த மூலையைப் பின்னர் வட்டமாகக் கட்டினார்கள். இதைச் சொல்லக் காட்சிப்பேழையோ திரையோ தேவையில்லை. பார்வையாளரைச் சரியான இடத்தில் நிறுத்தி மூலையைக் காட்டி, அந்த ஆணையின் நான்கு வரியைப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

ஆனால் கோட்டைக்குள் புதிதாக அமையும் பல காட்சியகங்களில் நடப்பது வேறு. சுவரை மறைத்து ஜிப்சம் பலகை அடிக்கிறார்கள். அதன்மேல் ஆளுயர அச்சுப்படம், முன்னால் தொடுதிரை. 800 ஆண்டு பழைய கூடத்துக்குள் நின்றுகொண்டு மக்கள் அந்தக் கூடத்தின் படத்தைப் பார்க்கிறார்கள்.

காட்சிப்பொருள் எண் 1 கட்டடம்தான் என்பது என் வாதம். பொருள்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு சுவரிலும் என்ன தெரிகிறது என்று பட்டியல் போட வேண்டும். சாரம் கட்டிய துளைகள், உத்திரம் அமர்ந்த குழிகள், தளம் போய்விட்டதால் அந்தரத்தில் நிற்கும் கணப்பு, மேலே போகப் போகச் சுவர் மெலியும் படிவிளிம்பு, கதவுக்குப் பின்னால் தாழ்மரம் செருகிய துளை எல்லாம் அதில் வரும். தாழ்மரத் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே யார் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பது தெரிந்துவிடும். இந்தப் பட்டியலில் இருந்துதான் அறைகளின் கதை வர வேண்டும். பொருள்கள் அதற்குத் துணை.

ஈரப்பதம், வெளிச்சம், மாதிரிப் பொருள்கள், திரைகள், வாசகங்கள் என்று ஒவ்வொன்றிலும் நடைமுறையில் எங்கே இடறுகிறது? துறை தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 சாந்துக்கலவை

முதலில் சுவரின் உடல்நிலை. தடித்த கல்சுவருக்குள் குளிர்காலத்தில் காற்று 8 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமுமாக இருப்பது சாதாரணம். அதே காற்றை 13 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே அறையை வீடுபோல 20 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஈரப்பத உணரியோடு இணைத்த மெல்லிய சூடு போதும். வெப்பமானியைப் பார்த்து இயங்கும் ஹீட்டர் இங்கே உதவாது. அது ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய சுவருக்குள் உப்பு இருக்கும். சாதாரணச் சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கரைந்து கிடக்கும், அதற்குக் கீழே படிகமாகும். பகலில் சூடாக்கி இரவில் அணைத்தால் அந்த எல்லையை நாள்தோறும் இருமுறை கடக்கிறோம். ஒவ்வொரு முறையும் படிகம் வளர்ந்து காறையை உள்ளிருந்து தள்ளும். பேழைக்குள் இருக்கும் வாள் பத்திரமாக இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் 13ஆம் நூற்றாண்டுப் பூச்சு உதிரும். அதனால் சூட்டை நிறுத்தி நிறுத்திப் போடக் கூடாது. எளிதில் கெடும் பொருள்களுக்கு அறையை மாற்றாதீர்கள், பேழைக்குள் மட்டும் தனிச் சூழலை உண்டாக்குங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் குறைந்தது 12 மாதங்கள், ஒவ்வோர் அறையிலும் தரையருகே ஒன்றும் தலைக்கு மேலே ஒன்றுமாகப் பதிவுக்கருவி வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுக்க வேண்டும். கோடையில் எடுத்த இரண்டு மாத அளவை வைத்துப் போட்ட திட்டம் முதல் குளிர்காலத்திலேயே கவிழும்.

பொருத்துவது பற்றி. கல்லில் துளை போடவே கூடாது. தவிர்க்கவே முடியாது என்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து மூட்டில் போடலாம். மூட்டைப் பிறகு சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடலாம், உடைந்த கல்லுக்கு மாற்று கிடையாது. திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதும், ஊதினால் கல் பிளக்கும். அடைக்கச் சிமெண்ட் ஆகாது. அது சுவரைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. வெளியேற வழி தேடும் ஈரம் பக்கத்துக் கல்லைத் தின்னும்.

எதையும் சுவரில் மாட்டாமலே செய்ய முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இத்தாலியின் வெரோனாவில் உள்ள காஸ்டெல்வெக்கியோ கோட்டையில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா புதிய தளத்தைச் சுவர்வரை கொண்டுபோகாமல் ஓரத்தில் ஓர் இடைவெளி விட்டார். எது பழையது, எது புதியது என்று அந்த ஒரு கோடே காட்டிவிடுகிறது. டென்மார்க்கின் கோல்டிங்ஹுஸ் கோட்டை 1808 தீயில் அழிந்தது. 1972 முதல் 1992 வரை நடந்த சீரமைப்பில் கட்டடக் கலைஞர்களான இங்கர், யோஹன்னஸ் எக்ஸ்னர் இணையர் ஒட்டி அடுக்கிய மரத்தூண்களை நிறுத்திக் கூரையைச் சுமக்கச் செய்தார்கள். சிதைந்த செங்கல் சுவர் அப்படியே தெரிகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற கோட்டைக் கோபுரத்தில் 2022இல் திறந்த மர அமைப்பு நான்கு தூண்களில் தனியாக நிற்கிறது. கீழே அகலமான கான்கிரீட் மேடை எடையைப் பரப்புகிறது. செயற்கை மண்மேடு என்பதால் அங்கே ஆழமான அடித்தளம் தோண்டவே முடியாது.

#3 பேழைக்காவல்

சாந்துக்கலவை அவர்கள் பேழைக்குள் தனிச் சூழல் என்று சொன்னதிலிருந்து தொடர்கிறேன். கோட்டை அகழாய்வில் மிகுதியாகக் கிடைப்பது இரும்பு: ஆணி, பூட்டு, அம்புமுனை, லாடம். மண்ணிலிருந்து வரும் இரும்பில் குளோரைடு இருக்கும். அது இருக்கும்வரை 40 சதவீத ஈரப்பதத்திலும் துரு ஓடும், மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். சுமார் 12 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ஏறக்குறைய நிற்கும். நடைமுறையில் 20 சதவீதத்துக்குக் கீழே வைத்தாலே வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். தோல், மரம், எலும்பு, கொம்பு நேர்மாறானவை. அவற்றுக்கு 45 முதல் 55 வரை வேண்டும், அதற்குக் கீழே போனால் சுருங்கி வெடிக்கும். எனவே வாளையும் அதன் தோலுறையையும் ஒரே பேழையில் வைப்பது கண்ணுக்கு அழகு, இரண்டில் ஒன்றுக்குக் கேடு. பிரித்து வையுங்கள்.

பேழைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு இது. அறை 20 டிகிரி, 60 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10.4 கிராம் நீராவி. பேழைக்குள் 20 சதவீதம் வேண்டும் என்றால் அங்கே 3.5 கிராம்தான் இருக்கலாம். பேழைக் காற்று ஒரு முறை மாறினால் கன மீட்டருக்கு 6.9 கிராம் நீரை ஜெல் பிடித்தாக வேண்டும். நாளுக்கு ஒரு முறை காற்று மாறும் சுமாரான பேழையில் 180 நாளுக்கு 1.24 கிலோ நீர் சேரும். இந்த அளவு ஈரப்பதத்தில் ஜெல் தன் எடையில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் ஜெல் தேவை. காற்று பத்து நாளுக்கு ஒரு முறை மட்டும் மாறும் இறுக்கமான பேழையானால் 1.2 கிலோ போதும். ஜெல்லில் போடும் பணத்தைக் கண்ணாடி மூட்டின் ரப்பர் பட்டையில் போடுங்கள். பேழையை வாங்கும்போதே கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, அளவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சொல்லில் மட்டும் "காற்றுப் புகாதது" என்று வாங்கியவற்றில் சோதனையில் தேறாதவை ஏராளம்.

ஜெல் தட்டு பேழைக்கு அடியில் தனிக்கதவோடு இருக்க வேண்டும். பொருள் இருக்கும் பகுதியைத் திறந்துதான் ஜெல்லை மாற்ற முடியும் என்றால் மாற்றுவது தள்ளிப்போகும்.

அடுத்து ஓக் மரம். கோட்டை என்றாலே ஓக் பலகையில் பேழை செய்ய வடிவமைப்பாளர்களுக்கு ஆசை வருகிறது. ஓக் அசெட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பேழைக்குள் அது ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். திருத்தந்தையின் ஈய முத்திரை, யாத்திரிகர் அணிந்த ஈயச் சின்னம், சன்னல் கண்ணாடியை இணைத்த ஈயப் பட்டை என்று கோட்டைச் சேகரிப்பில் ஈயம் நிறைய இருக்கும். கம்பளித் துணியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் ஓக்கைப் போலவே அமில ஆவி விடும்.

#4 புதுவாசகன்

ஓக்கின் மேல் வார்னிஷ் அடித்தால் ஆவி நின்றுவிடாதா? பேழையின் வெளிப்பக்கம் மட்டும் ஓக் இருந்தால்?

#5 பேழைக்காவல்

வார்னிஷ் ஆவியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். உள்ளே பொடிப்பூச்சு எஃகு, கண்ணாடி, அக்ரிலிக் இருக்கட்டும். ஏற்கெனவே மரப்பேழைதான் இருக்கிறது என்றால் உட்புறம் முழுவதையும் அலுமினியப் படலம் சேர்ந்த தடுப்புத் தாளால் போர்த்தி மூட்டுகளைச் சூட்டில் ஒட்ட வேண்டும்.

உள்ளே போகும் துணி, வண்ணம், பசை எதுவானாலும் ஆடி (Oddy) சோதனை என்பதைச் செய்யுங்கள். வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு அந்தப் பொருளைக் குடுவையில் அடைத்து, ஈரம் நிறைந்த காற்றில் 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். துண்டுகள் மாறினால் பொருள் தள்ளுபடி. 28 நாளை அட்டவணையில் முன்பே போட்டு வையுங்கள், திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது துணியின் நிறத்தை மாற்றினால் சோதிக்க நேரம் இருக்காது. கண்ணாடி மூட்டும் சிலிக்கோன் பசையில் வினிகர் வாடை வந்தால் அது அசெட்டிக் அமிலம்தான். நடுநிலையாக இறுகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வண்ணம் அடித்தபின் நான்கு வாரமாவது ஆற விட வேண்டும்.

#6 அளவுகோல்

பேழை பற்றி இன்னொன்று: அது மாடி ஏறுமா? சுருள் படிக்கட்டின் அகலம் பல கோட்டைகளில் 90 செ.மீ.கூட இராது, நடுத்தண்டைச் சுற்றி வளைத்து எதையும் கொண்டுபோக முடியாது. கூடியிருக்கும் பேழைக்கு ஆணை கொடுத்துவிட்டுச் சன்னலைப் பெயர்க்கலாமா என்று கேட்கும் நிலை வரக் கூடாது. மிகக் குறுகிய வளைவை அளந்து, அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணாடித் தகடுகளின் அளவை அதுதான் தீர்மானிக்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். 1.2 மீட்டர் நீளம், 0.6 அகலம், 2 மீட்டர் உயரமுள்ள பேழையில் சுமார் 7.9 சதுர மீட்டர் கண்ணாடி. 11.5 மி.மீ. அடுக்குக் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 28 கிலோ, ஆக 220 கிலோ கண்ணாடிக்கே போய்விடும். எஃகு அடிப்பகுதி, ஜெல், பொருள் எல்லாம் சேர்ந்து 400 கிலோ. அதை 0.72 சதுர மீட்டரில், நான்கு சின்னக் கால்களில் நிறுத்துகிறோம். அருங்காட்சியகத் தளத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ, பழைய உத்திரங்களுக்கு அதுவும் உறுதியில்லை. இரண்டு மூன்று உத்திரங்களின் மேல் எடை பரவும்படி அடியில் எஃகுத் தகடு போடுங்கள். தளம் ஆடும் இடத்தில் பேழைக்குள் பொருள்கள் மெல்ல நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஓடினால் மரத்தளம் நன்றாகவே அதிரும்.

#7 ஒளியளவு

வெளிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி, தோல்தாள், நீர்வண்ணம் இவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). வண்ணம் பூசிய மரம், எலும்புக்கு 200. கல், உலோகத்துக்கு வெளிச்சத்தால் ஆபத்தில்லை. ஆனால் லக்ஸ் மட்டும் கணக்கில்லை, மொத்த நேரமும் கணக்கு. ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையத்தின் (CIE) 2004 வழிகாட்டியில் மிக எளிதில் வெளிறும் சாயங்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் வைத்தால் 37 நாளில் தீர்ந்துவிடும். எனவே வண்ணம் தீட்டிய மூலச் சாசனத்தை ஆண்டில் ஐந்து வாரம் காட்டி, மீதி நாள் நகலைக் காட்டுங்கள். நகல் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கோட்டையில் சன்னல் சிறியது, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அம்பெய்யும் துளை வழியாக விழும் நேர்வெயில் கீற்று பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், அது தளத்தில் நகர்ந்துகொண்டே போகும். மார்ச், ஜூன், டிசம்பர் மூன்று மாதங்களிலும் ஒரு தெளிந்த நாளில் மணிக்கொரு முறை அந்தக் கீற்று விழும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பேழை வைக்கக் கூடாத இடங்கள் அந்தக் கோடுகளுக்குள் வந்துவிடும்.

வெயிலில் இருந்து வருபவரின் கண் 50 லக்ஸுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். முதல் அறையில் கல்லும் இரும்பும், கடைசி அறையில் துணியும் சாசனமும் என்று வரிசைப்படுத்தினால் அந்தச் சிக்கல் தானே தீரும். படிக்கட்டில் மட்டும் 100 லக்ஸுக்குக் குறையாதீர்கள். தேய்ந்த படியில் இருட்டு ஆபத்து.

#8 நெசவும்நிறமும்

மதில்நோக்கி அவர்களுடன் ஒரு கருத்து வேறுபாடு. வெறும் கல்லைக் காட்டுவதும் ஒருவகைப் பொய்தான். லண்டன் கோபுரத்தின் நடுக்கோபுரத்தை 1240இல் மூன்றாம் ஹென்றி வெள்ளையடிக்கச் சொன்னார். மழைநீர் வழிந்து புதுச் சுண்ணாம்பைக் கறையாக்காதபடி ஈயக் குழாய்களைத் தரைவரை நீட்டவும் ஆணையிட்டார். வெள்ளைக் கோபுரம் என்ற பெயருக்கு அதுதான் காரணம். உள்ளே பூச்சு, அதன்மேல் சிவப்புக் கோட்டில் வரைந்த போலிக் கல்வரி, தொங்கும் துணி, வண்ணம் தீட்டிய கட்டில். கல்லைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டால், இடைக்காலம் குளிர்ந்த இருட்டு என்ற எண்ணத்தை நாமே வளர்க்கிறோம்.

இரண்டாம் ஹென்றி 1180களில் கட்டிய டோவர் நடுக்கோபுரத்தை 2009இல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு சிவப்பும் நீலமும் பொன்னுமாக அறைக்கலன்களோடு நிறைத்தது. எல்லாம் கையால் செய்த மாதிரிகள். ஒரு நாற்காலியில் உட்காரலாம், கட்டிலைத் தொடலாம். கூடம் எவ்வளவு பெரியது, எத்தனை பேர் ஒரே அறையில் உண்டு உறங்கினார்கள் என்பது அப்போதுதான் உடம்புக்கு உறைக்கிறது.

மாதிரியைத் தரமாகச் செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. எந்திரத்தில் அறுத்த பலகையைக் கறுப்புச் சாயம் பூசிப் பழசாக்கினால் யாருக்கும் எதுவும் புரியாது. பலகையை நாரோட்டத்தில் பிளந்து, கைக்கோடரியால் செதுக்கி, மர ஆணியால் பூட்ட வேண்டும். துணியில் நீலத்துக்கு வோடு (woad), சிவப்புக்கு மஞ்சிட்டி, மஞ்சளுக்கு வெல்டு (weld) போன்ற அக்காலச் செடிச்சாயமே வேண்டும். பிரான்சின் கெதெலோனில் 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைக் கட்டி வருகிறார்கள். கல் உடைப்பது, சுண்ணாம்பு கலப்பது, மிதிசக்கரப் பாரந்தூக்கி எல்லாம் உண்மையாக இயங்கும்போது கிடைக்கும் அறிவை எந்தப் பலகையும் தராது.

#9 மதில்நோக்கி

வண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சான்று எங்கே முடிகிறது என்பது தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் 9ஆம் பிரிவு, ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. 12ஆம் பிரிவு, புதிதாகச் சேர்த்தது மூலத்திலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் என்கிறது. நிறைத்து வைத்த அறைக்குள் போகும் பார்வையாளருக்கு, அந்தக் கட்டில் ஓர் ஓவியச் சுவடியைப் பார்த்துச் செய்தது, மேசை வேறு நாட்டில் கிடைத்ததை ஒத்தது, திரைச்சீலை முழு ஊகம் என்ற வேறுபாடு தெரிவதில்லை. மூன்றும் ஒரே உறுதியோடு நிற்கின்றன.

அறை வாசலில் ஒரு சின்னப் பலகையில் "சான்று உண்டு, ஒத்த சான்று உண்டு, ஊகம்" என்று மூன்று குறிகள் வைத்து, அறைக்குள் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுங்கள். மக்கள் இதை விரும்பிப் படிப்பார்கள், எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு.

19ஆம், 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பையும் மறைக்கக் கூடாது. இன்று பிரான்சைச் சேர்ந்த அல்சாஸில் உள்ள ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையை 1900 முதல் 1908 வரை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காகக் கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் மீட்டெடுத்தார். அங்கே பார்ப்பதில் பெரும்பகுதி பேரரசு விரும்பிய இடைக்காலம், அதுவும் வரலாறுதான். போலந்தின் மால்போர்க் கோட்டை 1945 போரில் பெருமளவு இடிந்தது. அங்கே தூய மரியன்னை ஆலயத்தை 2016இல் மீண்டும் திறந்தபோது போரின் காயங்கள் தெரியும்படியே விட்டார்கள். கல்லில் இரு நிறம், இரு காலம். பார்வையாளருக்கு அது குழப்பமாக இருக்கும் என்று பயப்படுபவர்கள் பார்வையாளரைக் குறைத்து மதிக்கிறார்கள்.

#10 பலகையெழுத்து

வாசகம் எழுதுவோர் பக்கத்திலிருந்து. அறை முன்னுரைக்கு 100 முதல் 150 சொல், பொருளுக்கு 50. நின்றுகொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, பலகையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டரைத் தாண்ட வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் 1.1 முதல் 1.25 மீட்டரில் இருக்கும். மேசைப் பேழையின் மேற்பரப்பு 80 முதல் 85 செ.மீ., அடியில் முழங்கால் போக 70 செ.மீ. இடம்.

முதல் வாக்கியம் கண்ணுக்கு முன்னால் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். "இக்கோட்டை 1283இல்…" என்று தொடங்கினால் கண் பலகையிலேயே நிற்கும். "உங்கள் தலைக்கு மேலே கூரையில் உள்ள சதுரத் துளைகளைப் பாருங்கள்" என்றால் கண் கட்டடத்துக்குப் போகும்.

கட்டுக்கதைகளை எடுத்துவிடும் வேலை பெரியது. சுருள் படிக்கட்டு வலஞ்சுழியாக இருப்பது வலக்கை வாள்வீரருக்குச் சாதகம் என்பது எல்லாக் கோட்டையிலும் வழிகாட்டிகள் சொல்வது. இடைக்கால ஆவணம் எதிலும் அது இல்லை. தியடோர் ஆண்ட்ரியா குக் 1902இல் எழுதியதிலிருந்து பரவியது, இடஞ்சுழிப் படிக்கட்டுகளும் கோட்டைகளில் இருக்கின்றன. கொதிக்கும் எண்ணெயும் அப்படித்தான். எண்ணெய் விலை உயர்ந்தது. கல், கொதிநீர், சூட்டு மணல், சுண்ணாம்புக்குச் சான்றுகள் கூடுதல். வாயில் கூரைத் துளைகள், கதவில் எதிரி வைக்கும் தீயை அணைக்க நீர் ஊற்றவும் பயன்பட்டிருக்கும். நிலவறைச் சிறை என்று காட்டப்படும் குழிகளில் பல, கிடங்கு அல்லது கழிவறைக் குழி.

திருத்தும்போது கதையைத் தலைப்பாக்காதீர்கள். "கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களா?" என்று கொட்டை எழுத்தில் போட்டால் மக்கள் மனத்தில் தங்குவது எண்ணெய்தான். "இந்தத் துளை வழியே நீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள்" என்று உண்மையைத் தலைப்பாக்கி, கதையை மூன்றாவது வரியில் தொடுங்கள். சித்திரவதைக் கருவி அறை வைத்தால் கூட்டம் வரும் என்பார்கள். உள்ளே ஆணிகள் நீட்டிய ஆளுயரப் பெட்டிக்குள் (iron maiden) மனிதரை அடைத்த கதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. காட்டும் கருவிகள் பின்னாளில் செய்தவை. அவற்றை வைப்பதானால் 19ஆம் நூற்றாண்டு இடைக்காலத்தை எப்படிக் கற்பனை செய்தது என்ற அறையில் வையுங்கள். 2010இல் பெர்லினிலும் நூரன்பெர்க்கிலும் ஒரே நேரத்தில் இரண்டு கோட்டைக் கண்காட்சிகள் நடந்தன. ஒன்று கோட்டையின் அதிகாரத்தையும் மற்றொன்று கோட்டை பற்றிய கற்பனையையும் எடுத்துக்கொண்டது. இந்தப் பிரிவினை மிகப் பயனுள்ளது.

எண்களைத் தயங்காமல் கொடுங்கள், ஆவண எண்களாக இருந்தால். வேல்ஸின் பூமாரிஸ் கோட்டைக் கட்டுமானம் பற்றி 1296இல் எழுதிய கடிதத்தில் 400 கல்தச்சர், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர், 100 வண்டி, 60 பெருவண்டி, 30 படகு, வாரத்துக்கு 250 பவுண்டு செலவு என்று கணக்கு இருக்கிறது. கோட்டை முடிக்கப்படவே இல்லை. மறுபக்கம், அதே வேல்ஸில் கட்டி முடித்த கான்வி கோட்டையின் காவல்படை வெறும் 30 பேர், அவர்களில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கோட்டை என்பது கட்டும்போதுதான் பெரும்படை வேண்டிய இடம் என்பது விளங்கும்.

#11 கழிவறைக்குழி

யாரும் தொடாத ஒன்று. கோட்டையில் மிகச் செறிவான சான்று கழிவறைக் குழியில்தான் இருக்கிறது. மண்ணை நீரில் மிதக்கவிட்டு 0.25 முதல் 0.5 மி.மீ. சல்லடையில் பிடித்தால் அத்தி விதை, திராட்சை விதை, மீன் முள், தவிடு எல்லாம் கிடைக்கும், சல்லடையில் நிற்காத அளவு நுண்ணிய குடற்புழு முட்டைகளும் அந்த மண்ணில் இருக்கும். முட்டையைக் காண நுண்ணோக்கி வேண்டும், ஆனால் விதைகளைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து மேலே உருப்பெருக்கி பொருத்தினால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். கிளிஃபோர்ட்ஸ் டவரில் 1684 தீக்குப் பிறகு எட்ட முடியாமல் இருந்த மேல்தள அறைகளுக்குப் புதிய நடைபாதை போட்டதில் மூன்றாம் ஹென்றியின் கழிவறையும் திறந்தது. மன்னரின் முடியைவிட அந்தக் கல் இருக்கை அன்றாட வாழ்வைத் தெளிவாகச் சொல்கிறது.

#12 மதில்நோக்கி

கிளிஃபோர்ட்ஸ் டவர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த மேட்டின் மேல் 1190 மார்ச்சில் யார்க்கின் யூதர்கள் சுமார் 150 பேர், கும்பலுக்கு அஞ்சிக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்து உயிரிழந்தார்கள். பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். இதை எழுதும்போது இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அப்போது இருந்தது மரக்கோபுரம், அது எரிந்தது. இன்று நிற்கும் கல்கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. மேடுதான் அதே மேடு. இத்தகைய நிகழ்வை நேர வரிசைப் பலகையில் மற்றத் தேதிகளுக்கு நடுவே ஒரு வரியாகச் செருகக் கூடாது. தனி இடம், உட்கார இருக்கை, பின்னணி ஒலி இல்லாமை. கொலையை நடித்துக்காட்டும் படமோ குரலோ வேண்டாம். அந்தச் சமூகத்தினரோடு கலந்து வாசகத்தை எழுத வேண்டும், எழுதி முடித்துவிட்டுக் காட்டுவது போதாது.

#13 அளவுகோல்

திரை, மென்பொருள் விஷயம். டோவர் நடுக்கோபுரத்தின் சுவர் சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல் தடிமன். அப்படிப்பட்ட சுவருக்கு அப்பால் வைஃபை போகாது. பார்வையாளரின் கைப்பேசியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். தேவையான எல்லாம் அந்தந்த அறையின் கருவியிலேயே சேமித்திருக்க வேண்டும், மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்க வேண்டும்.

கரடுமுரடான கருங்கல்லில் படம் வீழ்த்தினால் ஒளியில் பாதிக்கு மேல் காணாமல் போகும். சுண்ணாம்பு அடித்த சுவர் நல்ல திரை. அங்கே சாந்துக்கலவை சொன்ன பாதுகாப்பும் நெசவும்நிறமும் சொன்ன வெண்மையும் ஒன்றாகச் சேர்கின்றன. படக்கருவியை மரத்தளத்தில் நிறுத்தாதீர்கள், ஆள் நடந்தால் படம் ஆடும். ஈரமான அறையில் கருவியைக் காற்று வடிகட்டும் பெட்டிக்குள் வையுங்கள், அணைத்த பிறகும் உள்ளே மெல்லிய சூடு இருந்தால் லென்ஸில் பனி படியாது.

ஒலிதான் மிகுதியாகக் கெடும் இடம். கல் வளைவுக் கூடத்தில் எதிரொலி பல நொடி நீளும். பேச்சு கரைந்துவிடும், பக்கத்து அறைக்கும் போகும். பேச்சைக் காதருகே வைக்கும் கைக்கருவியில் கொடுத்து, கூடத்தில் சம்மட்டி, நீர், அடிச்சத்தம் போன்றவற்றை மட்டும் மெலிதாக விடுங்கள்.

மீட்டுருவாக்கப் படத்துக்கு அளவெடுக்கும்போது புகைப்படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 70 முதல் 80 சதவீதம் பொருந்தி வர வேண்டும், சுவரில் அளந்த குறிகள் இல்லாவிட்டால் மாதிரியின் அளவு வழுக்கும். 2006 லண்டன் சாசனம் கேட்பது, கணினிப் படத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது. மதில்நோக்கி சொன்ன மூன்று குறிகளை இங்கேயும் போடலாம், ஊகமான கூரையைக் கோட்டுருவமாக மட்டும் காட்டலாம்.

ஆனால் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் என்றால் தொட்டுணரும் மாதிரி செய்யுங்கள். 1:100 அளவில் வெண்கலம் அல்லது கெட்டிப் பிசின், மேசை உயரம் 75 முதல் 85 செ.மீ., கை எட்டும் தூரம் 60 செ.மீ.க்குள். 3 மி.மீ.க்குக் குறைந்த விவரம் விரலுக்குத் தெரியாது, எனவே மதில்முனைகளைச் சற்றுப் பெரிதாக்குங்கள். பார்வையற்றவருக்காகச் செய்தது எல்லோருக்கும் முதல் வழிகாட்டியாகும். நுழைவாயிலில் வையுங்கள்.

#14 புதுவாசகன்

மேல்தளத்துக்கு ஏற முடியாதவர்களுக்கு? மின்தூக்கி வைத்தால் கட்டடம் கெடாதா?

#15 சாந்துக்கலவை

கெடாமலும் செய்யலாம். வேல்ஸின் கார்னர்வன் கோட்டையில் மன்னர் வாயிலுக்கு 2023இல் மேல்தளமும் மின்தூக்கியும் வந்தன. கூரையும் தளமும் இழந்த பகுதியில் புதியதைச் செருகினால் பழையதை வெட்ட வேண்டியதில்லை. வாயில், முற்றம் போன்ற இடத்தில் தேடுங்கள், முழுமையாக நிற்கும் கோபுரத்துக்குள் தேட வேண்டாம்.

ஒரே சுருள் படிக்கட்டுள்ள கோபுரத்தில் தீ வெளியேற்றத்தை முதல் நாளே தீயணைப்புத் துறையோடு பேசுங்கள். ஒரே நேரத்தில் மேலே எத்தனை பேர் என்ற எண் அங்கேதான் வரும். அந்த எண்ணைப் பொறுத்தே மேல் அறையில் எதை வைப்பது என்பது. 20 பேருக்கு மேல் போகக் கூடாத அறையில் எல்லோரும் பார்க்க விரும்பும் முதன்மைப் பொருளை வைத்தால் படிக்கட்டில் நாள்முழுதும் வரிசை நிற்கும்.

மழைக்காலம் முடிந்ததும் பலகைகளுக்குப் பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி, கீழேயும் மேலேயும் காற்று புகத் திறப்பு, ஒவ்வொரு பலகையும் இரண்டு பேர் கழற்றக்கூடிய எடை. விரிசல் அளவுமானி ஒட்டிய இடத்துக்கு நேராகப் பலகையில் ஒரு கதவு வெட்டுங்கள், திறக்கக் கருவி தேவைப்படாத கதவாக.